அழகும் கலையும்: வாதத்திற்கு முன் சொற்றெளிவு

அழகைப் பற்றியும் கலையைப் பற்றியும் எழும் வாதங்களுக்குத் தனியான ஓர் இயல்பு உண்டு. காணியின் எல்லையைப் பற்றி இருவர் வாதிடின், உறுதியைப் பார்த்தோ நிலத்தை அளந்தோ முடிவு காணலாம். ஒரு நோய்க்கு ஏற்ற மருந்து யாதென வாதிடின், மருந்தைக் கொடுத்துப் பார்த்து அறியலாம். இது கலையா, இது அழகா என்னும் வாதங்களோ தொடங்கிய இடத்தையே சுற்றிச் சுற்றி வருகின்றன. இறுதியில், மற்றவருக்குச் சுவையறியும் ஆற்றல் இல்லை என்னும் எண்ணத்தோடு இருதிறத்தாரும் பிரிகின்றனர். அழகென்பது அவரவர் மனத்தைப் பொறுத்தது, அதைப்பற்றி வாதிடுவதே வீண் எனக் கூறுவாரும் உளர். அம்முடிவு அவசரமானது. இத்தகைய வாதங்களுட் பல பயனின்றி ஒழிவதற்குப் பெருங்காரணம், வாதிடுவோர் ஒரே சொல்லை வேறு வேறு பொருளில் வழங்குதலும், அவ்வாறு வழங்குவதைத் தாமே அறியாதிருத்தலும் ஆகும்.

இக்குறையை இந்தியத் தருக்க நூலார் நெடுங்காலத்துக்கு முன்னரே கண்டு சொல்லினர். ஒருவர் ஒரு பொருளிற் கூறிய சொல்லுக்கு வேறொரு பொருளை ஏற்றி அவரை மறுத்தலை நியாய நூல் சலம் என்னும். அதற்குக் காட்டப்படும் எடுத்துக்காட்டு எளிமையானது. வடமொழியில் நவம் என்னுஞ் சொல் புதியது என்றும் பொருள்படும், ஒன்பது என்றும் பொருள்படும். இவன் நவகம்பளம் உடையவன் என்று ஒருவர் புதிய கம்பளத்தைக் கருதிச் சொல்ல, மற்றவர், இவனிடம் இருப்பது ஒன்றுதானே, ஒன்பது எங்கே என்று கேட்கிறார். அங்கே சொல்லைத் திரிப்பவர் வேண்டுமென்றே திரிக்கிறார். கேட்போரும் அதைக் கண்டு நகைக்கின்றனர். அழகு, கலை என்னும் சொற்களில் நேர்வதோ இதனினும் இடர் மிக்கது. திரிபவர் தாம் திரிவதை உணரார், கேட்போரும் அறியார்.

அத்தகைய வாதம் ஒன்று நீதிமன்றம் வரை சென்ற வரலாறு உண்டு. உருமேனியாவிற் பிறந்து பரிஸ் நகரில் வாழ்ந்த கொன்ஸ்ரன்ரின் பிரங்கூசி என்னும் சிற்பி, வெண்கலத்தில் ஓர் உருவம் செய்து அதற்கு வெளியில் ஒரு பறவை எனப் பெயரிட்டார். நான்கடிக்கு மேல் உயரமுடைய அவ்வுருவத்தில் இறகில்லை, அலகில்லை, காலில்லை. கீழிருந்து மேலே மெலிந்தெழுந்து, கண்ணாடிபோல் மெருகேறி நின்ற ஒரு வடிவம் அது. எட்வேட் ஸ்ரைக்கன் என்னும் புகைப்படக் கலைஞர் அதனை வாங்கினார். 1926ஆம் ஆண்டில் அது கப்பலில் நியூயோர்க் வந்து சேர்ந்தது. அக்காலத்து அமெரிக்கச் சட்டத்தின்படி மூலச் சிற்பங்களுக்குத் தீர்வை இல்லை. உலோகத்தாற் செய்த பண்டங்களுக்கு 40 வீதத் தீர்வை உண்டு. சுங்க அதிகாரிகள் அவ்வெண்கல உருவத்தைச் சிற்பமென ஏற்க மறுத்தனர். சமையற் கருவிகளும் மருத்துவமனைப் பொருள்களும் அடங்கிய பகுதியில் அதனைச் சேர்த்தனர். அதனை எதிர்த்து எழுந்த வழக்கே பிரங்கூசி எதிர் ஐக்கிய அமெரிக்க நாடு என்பது.

அதிகாரிகள் வெறும் பிடிவாதத்தால் அவ்வாறு செய்தார் அல்லர். 1916ஆம் ஆண்டில் வேறொரு வழக்கிற் கிடைத்த தீர்ப்பு அவர்களுக்குத் துணைநின்றது. சிற்பமாவது இயற்கைப் பொருள்களை, சிறப்பாக மனித உருவத்தை, அவற்றின் அளவுப் பொருத்தத்தோடு செதுக்கியோ வார்த்தோ காட்டுவது என்பது அத்தீர்ப்பின் கருத்து. அவ்வரையறையை ஏற்றால் சுங்கத்தாரின் முடிவு முறையானதே. பறவைபோல் இல்லாத பறவை சிற்பமாகாது. 1927ஆம் ஆண்டில் விசாரணை நடைபெற்றபோது, இதனைக் காட்டில் கண்டாற் பறவை என்பீரா என்னும் போக்கிற் சாட்சிகளிடம் வினாக்கள் எழுந்தன. திறமையுள்ள கம்மியன் ஒருவன் இவ்வாறு மெருகிட முடியாதா என்றும் கேட்கப்பட்டது. மெருகிட அவனால் இயலும், வடிவைக் கருத்திற் படைக்க இயலாது என்பது பிரங்கூசியின் சார்பில் வந்த விடை. அரசாங்கத்தின் சார்பிலும் சிற்பிகள் இருவர் சாட்சி கூறினர். இது கலையன்று என்பது அவர்தம் கூற்று. அதற்கு அழகில்லை என்பது அவருள் ஒருவர் காட்டிய முதற் காரணம்.

அந்நீதிமன்றத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு வினாக்கள் கலந்து கிடந்தன. இவ்வுருவம் பறவையை ஒத்திருக்கிறதா என்பது ஒன்று. இது சட்டம் கூறும் சிற்பம் என்னும் வகையில் அடங்குமா என்பது இரண்டாவது. இது அழகாக இருக்கிறதா என்பது மூன்றாவது. இது சிறந்த படைப்பா என்பது நான்காவது. ஒன்றன் விடை மற்றொன்றன் விடை ஆகாது. பறவையை அப்படியே ஒத்த பொம்மை அழகற்றதாய் இருக்கலாம். அழகிய பூச்சாடி சிற்பம் ஆகாமற் போகலாம். தரங்குறைந்த சிற்பமும் சிற்பமே. சுங்கச் சட்டம் நல்ல சிற்பத்துக்கு மட்டும் விலக்களிக்கவில்லை. ஆயினும் சாட்சிகள் ஒரு வினாவிற்கு மற்றொன்றன் விடையைக் கூறிக்கொண்டிருந்தனர்.

1928 நவம்பரில் நீதிமன்றம் பிரங்கூசிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1916ஆம் ஆண்டின் பின்னர்ப் புதியதொரு கலைக்குழு தோன்றியுள்ளது. அதனைச் சார்ந்தோர் இயற்கைப் பொருளைப் போலச் செய்யாது கருத்துக்களை வடிவிற் காட்ட முயல்கின்றனர். அவர்தம் கொள்கையை விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், அஃது இருப்பதைக் கருத்திற் கொள்ளவேண்டும் என்பது நீதிபதிகள் கண்ட முடிவு. இவ்விடத்தில் அவர்கள் செய்தது சொல்லைத் தெளிதலே: சிற்பம் என்பதை வகைப்பெயராக எடுத்து, விருப்பு வெறுப்பை ஒருபுறம் ஒதுக்கினர். எனினும் அவ்வுருவம் வடிவொழுங்கு உடையது, பார்வைக்கு இனியது என்பதையும் அதே தீர்ப்பிற் காரணமாகச் சேர்த்துக்கொண்டனர். ஒதுக்கிய அழகு வேறு வாயிலால் மீண்டும் உள்ளே வந்தது. கற்ற நீதிபதிகளும் முற்றத் தப்ப இயலாத மயக்கம் அது.

இம்மயக்கத்தின் வேர் சொற்களின் வரலாற்றில் உள்ளது. தமிழிற் கலை என்னுஞ் சொல்லைப் பார்க்கலாம். ஆண்மானையும் ஆடையையும் சந்திரனுடைய பதினாறு கூறுகளுள் ஒன்றையும் அச்சொல் குறிக்கும். இவற்றால் மயக்கமில்லை; இடம் நோக்கிப் பொருள் விளங்கும். கல்வியையும் வித்தையையும் குறிக்கும்போதே இடர் தொடங்குகிறது. அறுபத்து நான்கு கலை என மரபில் எண்ணப்படுவனவற்றுள் ஆடல், பாடல், ஓவியம் என்பன உண்டு. வாற்சாயனர் தரும் நிரலில் அவற்றோடு மாலை தொடுத்தலும் சமையலும் தச்சு வேலையும் கிளிக்கும் பூவைக்கும் பேசப் பழக்குதலும் சேவற்போரும் இடம்பெறுகின்றன. இங்கே கலை என்பது பழகிப்பெற்ற திறன் அனைத்தும் ஆகும். பல்கலைக்கழகத்துக் கலைப்பீடத்திலோ வரலாறும் புவியியலும் பொருளியலும் கற்பிக்கப்படுகின்றன. ஒரு கோடும் வரைந்தறியாத ஒருவர் கலைமாணிப் பட்டம் பெறுவதில் வியப்பேதும் இல்லை. அப்பட்டத்திலுள்ள கலை வேறு.

மேனாட்டிலும் நிலைமை இதுவே. கிரேக்கரின் தெக்னே என்னுஞ் சொல்லும் உரோமரின் ஆர்ஸ் என்னுஞ் சொல்லும் கப்பல் கட்டுதலையும் மருத்துவத்தையும் சிற்பத்தையும் ஒருசேரக் குறித்தன. இடைக்காலத்து ஐரோப்பியப் பள்ளிகளில் ஏழு கலைகள் கற்பிக்கப்பட்டன. இலக்கணம், அணி, தருக்கம் என்பவற்றோடு எண்கணிதம், வடிவகணிதம், வானியல், இசை என்பன அவை. ஓவியமும் சிற்பமும் அவ்வேழில் இல்லை. இசை, கவிதை, ஓவியம், சிற்பம், நடனம் என்னும் ஐந்தையும் ஒரு குடும்பமாகத் தொகுத்து நுண்கலை எனப் பிரித்துக் காட்டியவருள் முதன்மையானவர் பற்றோ என்னும் பிரெஞ்சு ஆசிரியர். அவரது நூல் 1746ஆம் ஆண்டில் வெளிவந்தது. அத்தொகுதி பதினெட்டாம் நூற்றாண்டிலேயே நிலைபெற்றதென்பதைப் போல் ஒஸ்கார் கிறிஸ்ரெல்லர் 1951, 1952ஆம் ஆண்டுகளில் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகளில் விரிவாக விளக்கினார். என்றும் உள்ளதுபோலத் தோன்றும் நுண்கலை என்னும் எல்லை, ஏறக்குறைய முந்நூறு ஆண்டு வரலாறே உடையது.

ஆகவே மட்பாண்டம் வனைதல் கலையா என்று இருவர் வாதிடும்போது மூன்று பொருள்கள் அங்கே நடமாடுகின்றன. பழகிப்பெற்ற திறன் என்னும் பொருளில் அது கலையே. பற்றோ வகுத்த ஐந்தினுள் ஒன்றா எனின், அன்று. மூன்றாவதாக, இது கலை என்று ஒருவர் வியந்து சொல்லும்போது அச்சொல் வகையைக் குறியாது பாராட்டைக் குறிக்கிறது. அப்பாராட்டு எதிரே இருக்கும் பானையைப் பொறுத்தது. 1877ஆம் ஆண்டிற் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றி 1908இல் வெளியிட்ட பெருநூலில், மரவேலை, உலோகவேலை, தந்தவேலை, மட்பாண்டம், நெசவு ஆகிய கைத்தொழில்களையெல்லாம் கலை என்ற பெயரின்கீழ் ஆராய்ந்தார். பயன்படுபொருளையும் கலைப்பொருளையும் வேறாக்கியமை அண்மைக்காலத்து இழப்பு என்பது அவர் கொள்கை. அதனை ஏற்கலாம், மறுக்கலாம். மறுப்பவர் பற்றோவின் எல்லைக்குள் நின்றுகொண்டு, பானை கலையாகுமா என்று நகைத்தால் அது மறுப்பாகாது. அந்த எல்லையே அங்கு வாதத்துக்குரிய பொருள்.

அழகு என்னுஞ் சொல்லின் பரப்பு இன்னும் பெரிது. அழகிய முகம் என்பதில் அது கண்ணுக்கு இனிமை. அழகாக விளக்கினார் என்பதில் தெளிவு. அழகான தீர்ப்பு என்பதில் நேர்மையும் பொருத்தமும். நீ செய்த வேலையின் அழகைப் பார் என்று தாய் மகனைக் கடியும்போது அதன் பொருள் நேர்மாறு. தொல்காப்பியச் செய்யுளியலில் அழகு என்பது அம்மை, தொன்மை, தோல் முதலியவற்றோடு எண்ணப்படும் எட்டு வனப்புக்களுள் ஒன்றன் பெயர். அங்கே அது நூலமைப்பைப் பற்றிய இலக்கணக் குறியீடு. பொதுவழக்குப் பொருளை அங்கு ஏற்றுவோர், ஏனைய ஏழு வனப்பும் அழகற்றனவோ எனக் கேட்கும் நிலைக்கு ஆளாவர்.

அழகு யாதென்னும் வினாவை எடுத்துக்கொண்ட பழைய நூல்களுள் ஒன்று, பிளேற்றோவின் பெயரால் வழங்கும் பெரிய இப்பியாசு என்னும் உரையாடல். சோக்கிரதீசர் அழகு யாது என்று கேட்க, இப்பியாசு அழகிய கன்னி என்கிறார். பின்னர்ப் பொன் என்கிறார். கேட்டது சொல்லின் பொருள், கிடைத்தது எடுத்துக்காட்டு. அப்பொழுது சோக்கிரதீசர், பானையிற் கஞ்சியைத் துழாவப் பொன் அகப்பை அழகோ அத்திமர அகப்பை அழகோ என வினவுகிறார். மர அகப்பை பானையை உடையாது, கஞ்சிக்கும் மணமூட்டும். ஆகவே பொருத்தம் அதற்கே உண்டு. கண்ணைக் கவர்தலாகிய அழகும் பணிக்குப் பொருந்துதலாகிய அழகும் ஒன்றல்ல என்பது ஓர் அகப்பையால் விளங்கிவிடுகிறது.

அழகு அவரவர் மனத்தைப் பொறுத்தது என்னும் கூற்றிலும் இரு பொருள்கள் பின்னிக் கிடக்கின்றன. யேர்மன் தத்துவஞானி இம்மானுவல் கான்ற் 1790ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அவற்றைப் பிரித்தார். ஒருவகை மதுவை இனிது என்பவர், உமக்கு இனிது என்று பிறர் திருத்தினால் மகிழ்ந்து ஏற்பார். ஒரு கட்டடத்தையோ கவிதையையோ அழகு என்பவர் அத்திருத்தத்தை எளிதில் ஏற்கமாட்டார். பிறரும் அதைக் காணவேண்டும் என்று அவர் எதிர்பார்க்கிறார். அவ்வெதிர்பார்ப்பு சரியா என்பது ஆழ்ந்த வினா. எனக்குப் பிடிக்கிறது என்பதும் இது அழகு என்பதும் வெவ்வேறு கூற்றுக்கள் என்பதை முதலில் உணர்ந்தாலன்றி அவ்வினாவை அணுகவே இயலாது.

தமிழ் நேயர் நன்கறிந்த ஓர் உருவத்தைக்கொண்டு மற்றொரு வேறுபாட்டையும் காணலாம். பொலன்னறுவையிற் கிடைத்து இன்று கொழும்பு நூதனசாலையில் உள்ள சைவ வெண்கலத் திருவுருவங்களுள் காரைக்காலம்மையார் திருவுருவமும் ஒன்று. அழகிய உடலை வேண்டாமென்று துறந்து பேய்வடிவு பெற்றவர் அம்மையார். எலும்பு தோன்றும் மேனியோடும் கையிலே தாளத்தோடும் அமர்ந்த அவ்வுருவம் அழகா? காட்டப்பட்ட உடலை நோக்கி விடை சொல்பவர் அன்று என்பார். காட்டிய முறையை நோக்குபவர், இசையில் ஒன்றிய முகத்தையும் வார்ப்பின் செப்பத்தையும் கண்டு, ஆம் என்பார். அழகிய பொருள் வேறு, ஒரு பொருளை அழகுறக் காட்டுதல் வேறு என்று கான்றும் கூறினார். நேரிற் காண நெஞ்சு கூசும் பொருள்களின் செவ்விய உருவங்களைக் கண்டு மக்கள் மகிழ்வதை அரிஸ்டோட்டிலும் கவிதையியலிற் குறிப்பிட்டார். இழிவரலையும் அச்சத்தையும் மெய்ப்பாடாகக் கொண்ட தமிழிலக்கண மரபுக்கும் இது புதிதன்று. அடியவரோ மூன்றாவதொரு நிலையினின்று, இஃது அழகு பார்க்கும் பொருளன்று, வணங்கும் திருவுருவம் என்பார். மூவரும் ஒருவரையொருவர் மறுக்கவில்லை. மூவேறு வினாக்களுக்கு விடையிறுக்கின்றனர்.

துறையின் பெயரிலேயே ஒரு சார்பு ஒளிந்திருத்தலும் உண்டு. பௌம்காட்டன் என்னும் யேர்மன் அறிஞர் பதினெட்டாம் நூற்றாண்டில் இத்துறைக்குப் பெயரிட்டபோது, புலனுணர்வைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதனை ஆக்கினார். தமிழில் அஃது அழகியல் ஆயிற்று. நுண்கலைக்குக் கவின்கலை என்றும் பெயர் வந்தது. கவின் என்பதும் அழகே. கலை அழகாகவே இருக்கவேண்டும் என்னும் முடிவு இப்பெயர்களுள் முன்கூட்டியே அடங்கிவிடுகிறது. அம்முடிவு உண்மையாகலாம், பொய்யாகலாம். பெயரைக் காட்டி அதை நிறுவுதல் முறையன்று.

சொல்லைத் தெளிதல் வேறு, சொல்லுக்குத் தாம் விரும்பிய பொருளை விதித்தல் வேறு. இரண்டாவதற்குச் சான்று தோல்ஸ்தோய். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய கலை யாது என்னும் நூலில், அழகை அடிப்படையாகக் கொண்ட வரையறைகளின் குழப்பத்தை அவர் கூர்மையாக எடுத்துக் காட்டினார். பின்னர், ஒருவர் தாம் பட்ட உணர்ச்சியைப் பிறர்க்குத் தொற்றச்செய்தலே கலை என வகுத்தார். அவ்வளவுகோலோடு எல்லா மக்களையும் ஒன்றுபடுத்தும் உணர்ச்சியையும் சேர்த்து அளந்தபோது, பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பனி நற்கலை ஆகாதொழிந்தது. அவருடைய சொந்தப் படைப்புக்களிலும் இரு சிறுகதைகளே எஞ்சின. தமக்கும் விலக்களிக்காத அந்நேர்மை போற்றத்தக்கது. ஆயினும் அவர் கலையன்று எனும்போது, கேட்போர் காதில் விழுவது பழைய பொருளுடைய சொல். அவர் வழங்குவது புதிதாக விதித்த பொருள். புதிய பொருளை ஏற்கச் செய்யும் காரணமே அங்கே வாதத்தின் உயிர். அதை விட்டுச் சிம்பனியைப் பற்றிப் பூசலிடுதல் பயனற்றது.

இத்தெளிவால் விளையும் நன்மையை ஈழத்துக் கூத்தைப் பற்றிய ஒரு வாதத்திற் காணலாம். மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடிக் கூத்துக்கள் வட்டக்களரியில் விடிய விடிய ஆடப்படுவன. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1962ஆம் ஆண்டில் கர்ணன்போர் தொடக்கமாகச் சில கூத்துக்களைச் சுருக்கிச் செப்பனிட்டு, ஒருபுறம் மட்டும் திறந்த மேடைக்குக் கொண்டுவந்தார். கூத்தின் அழகு கெட்டது என்பாரும், கூத்தின் அழகு அப்பொழுதே துலங்கியது என்பாரும் உண்டு. முன்னவர் அழகு என்பது ஊரவர் சூழ்ந்திருத்தல், அண்ணாவியாரின் பாட்டு, இரவு முழுதும் நீளும் நிகழ்ச்சி ஆகிய அனைத்தின் பொருத்தத்தையும் குறிக்கும். பின்னவர் அழகு என்பது ஆட்டத்தின் செப்பத்தையும் நாடகத்தின் கட்டுக்கோப்பையும் குறிக்கும். இவ்வளவு தெளிந்தபின் இருவரும், மற்றவர் சொல்லும் அழகு உண்மையில் உண்டு என ஒப்புவர். அதன்பின்னும் ஒரு வினா எஞ்சும்: ஆட்டத்தின் வடிவை ஊரின் வாழ்விலிருந்து பிரித்தெடுத்தபின் அது முன்னைய கலையாகவே நிற்குமா? இதுவே வாதிடத் தகுந்த வினா. அண்ணாவிமாரின் மதிப்பும், பாடசாலைகளிற் கூத்தைப் பயிற்றும் முறையும், அரங்குக்கும் களரிக்கும் வழங்கப்படும் ஆதரவும் அதன் விடையைச் சார்ந்துள்ளன.

வாதத்திற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை சிலவே. கலை என்பது இங்கே வகைப்பெயரா, பாராட்டா? அழகு காட்டப்பட்ட பொருளுக்கு உரியதா, காட்டிய முறைக்கு உரியதா? இனிமை கருதப்படுகிறதா, பொருத்தம் கருதப்படுகிறதா? பேசுவோர் தம் விருப்பைச் சொல்கின்றனரா, பிறரும் ஏற்கத்தக்க மதிப்பீட்டைச் சொல்கின்றனரா? இவற்றுக்கு என்றைக்கும் மாறாத வரையறை வேண்டியதில்லை. கலை என்பது புதியன புகுந்துகொண்டே இருக்கும் திறந்த சொல். அதற்கு முற்றிய வரையறை கூடாது என மொறிஸ் வைற்ஸ் 1956ஆம் ஆண்டில் வாதிட்டார். அவரோடு உடன்படாதார் பலர். எனினும் அன்றைய வாதத்துக்கு வேண்டிய அளவு பொருளை ஒத்துக்கொள்ளுதல் எவர்க்கும் இயலும்.

சொற்றெளிவு எல்லா வாதத்தையும் முடித்துவைக்கும் என எண்ணுதல் பேராசை. வெறும் சொல்லால் விளைந்த பிணக்கை அது நீக்கும். கருத்தால் விளைந்த பிணக்கை வெளிப்படுத்தும். அவ்வாறு வெளிப்பட்ட பின்னர், எதிரே இருப்பவர் சுவையறியாதவர் என்னும் எண்ணம் தானே அகலும். அவர் வேறொன்றைக் கண்டு பேசுகிறார் என்பது புலனாகும். அவர் கண்டதைக் காணும் விருப்பமும் பிறக்கும்.